காபி குடிக்கிற பக்கம்

என் கடைக்கு எத்தனையோ கார்கள் வந்து போயிருக்கின்றன. ஒரு பாதி மட்டும் நனையாத கூரை வேண்டும் என்று கேட்டு வந்தது ஒரே ஒரு கார்தான்.

எழுபதுகளின் தொடக்கம். லஸ் முனைக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு குஷன் கடை இருந்தது. கார் சீட்டு, ஸ்கூட்டர் சீட்டு, வக்கீல் வீட்டு சோபா, எது வந்தாலும் பிரித்துத் தைப்பேன். எதிரே ஒரு மெக்கானிக் ஷெட். அங்கே பிரிக்கப்படும் வண்டியின் சீட்டு சில நாளில் என்னிடம் வந்து சேரும். அந்த வழியாகத்தான் அண்ணாச்சியும் வந்து சேர்ந்தார்.

அவருக்கு தி.நகரில் பாத்திரக் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு ஹெல்மெட். மோட்டார் சைக்கிள்காரர்களே ஹெல்மெட் போடாத காலம் அது. கார் ஓட்ட ஒருவர் ஹெல்மெட்டோடு வந்து நின்றதைப் பார்த்து, நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

"தம்பி, கூரையை அறுத்து எறிஞ்சாச்சு. எடை குறையணும்லா. ஆனா வீட்டுல மழை படக்கூடாதுங்கா. அவ பக்கம் மட்டும் ஒரு ரெக்சின் கூரை போட்டுக் குடு."

"உங்க பக்கம் அண்ணாச்சி?"

"அதான் ஹெல்மெட் இருக்கே."

எனக்கு அதற்கு மேல் பேச வராது. தைத்துக் கொடுத்தேன். இடது பாதிக்குக் கூரை, வலது பாதிக்கு வானம். மழை பெய்தால் அந்த அம்மா பக்கத்துக் கூரைத் தண்ணீர் எங்காவது வடிய வேண்டுமே. அது அண்ணாச்சியின் மடியில் வடிந்தது. கச்சேரி ரோட்டில் ஒரு ஐப்பசி மழையில் நானே பார்த்தேன். அந்த அம்மா துளி நனையாமல் பூ தொடுத்துக்கொண்டு வர, பக்கத்தில் இவர் ஹெல்மெட்டோடு, அருவியில் குளிப்பவர் மாதிரி சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

"நடுவுல வைப்போம்." இதுதான் அவருடைய பேச்சு. பாத்திரக் கடையில் தினமும் பேரம் பேசிப் பேசி வந்த பழக்கமாக இருக்க வேண்டும். அவர் ஒன்று சொல்வார், வாங்க வந்தவர் ஒன்று சொல்வார், இரண்டுக்கும் நடுவில் முடியும். இரண்டு பேருக்கும் மனசு நிறையும். அதை அவர் கடையோடு நிறுத்தவில்லை. ஒருவர் டீ என்று சொல்லி இன்னொருவர் காபி என்று சொன்னால், இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்து வாங்கிவந்து, "ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி குடிங்க" என்பார். யாரும் குடிக்கமாட்டார்கள். அவர் குடித்துவிடுவார்.

அவருக்கு இரண்டு ஆசைகள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் ஓட வேண்டும். தினமும் காலையில் மனைவியைக் கபாலி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பும்போது பனகல் பார்க் பக்கம் காய் வாங்கிக் கொடுத்து, வீட்டில் விட வேண்டும். இரண்டையும் ஒரே காரில் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டு கார் வாங்க அவருக்கு வசதி இருந்தது. கேட்டால், "இட்லிப் பானைல பொங்கலும் வைக்கலாம்லா? அதுக்குன்னு ரெண்டு பானையா?" என்பார். பாத்திரக் கடைக்காரர் இப்படிச் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அது என்ன கார் என்று சொல்லமாட்டேன். அதைச் செய்த கம்பெனிக்கு ஒரு பாவமும் தெரியாது. அவர்கள் செய்து அனுப்பியதில் அந்தக் காரில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

எதிர் ஷெட் மெக்கானிக்கும் அண்ணாச்சியும் ஸ்பிரிங் பற்றிப் பேசியது என் கடைவரை கேட்டது.

"இன்னா அண்ணாச்சி, ஒண்ணு சொல்லு. ரேஸுக்குப் போறியா, ரேஷனுக்குப் போறியா?"

"ரெண்டுக்கும்."

"ரேஸுன்னா ஸ்பிரிங்கு கல்லாட்டம் இருக்கணும். வூட்டுக்குன்னா பஞ்சாட்டம் இருக்கணும். ரெண்டும் ஒரே வண்டில எப்டி நைனா?"

"நடுவுல வைப்போம்."

"நடுவுலன்னா இன்னா? பாதி கல்லு, பாதி பஞ்சா?"

"அதேதான்! என் பக்கம் கல்லு, அவ பக்கம் பஞ்சு."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன். அப்படியே செய்தார்கள். நேராகப் போனால் ஒன்றும் தெரியாது. இடது பக்கம் திரும்பினால் வண்டி அசையாமல் திரும்பும், ரேஸ் வண்டியேதான். வலது பக்கம் திரும்பினால் மொத்த வண்டியும் பஞ்சு மேல் படுத்துவிடும். அந்த அம்மா ரோட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுவார், அண்ணாச்சி மரக்கிளைக்குப் பக்கத்தில் ஏறிவிடுவார். காய்ப் பை காரில் இருக்கும் நாட்களில் அண்ணாச்சி வலது பக்கமே திரும்பமாட்டார். வலது பக்கம் போக வேண்டியிருந்தால், நேரே தாண்டிப் போய், தெரு தெருவாக இடது பக்கமே திரும்பி, சுற்றி வந்து அந்தத் தெருவில் நுழைவார். கத்தரிக்காய் கொட்டாது. நேரம்தான் ஆகும்.

எடை விஷயம் அதைவிட வேடிக்கை. அந்தக் காலத்தில் பாத்திரம் எடைக்குத்தான் விற்பார்கள் என்பதால் கடையில் பெரிய தராசு உண்டு. காரில் கழற்றிய ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்ப்பார். முன்பக்கத்து பம்பர் போனது, பின்பக்கத்து பம்பர் போனது, டிக்கிக் கதவு போனது. வண்டி குலுக்கி இடுப்பு விட்டுப் போகிறது என்று அந்த அம்மா சொன்னதும், இத்தனை நாள் எவ்வளவு எடை குறைத்தாரோ அதே எடைக்கு அந்த அம்மா பக்கம் மெத்தை வைத்துத் தைக்கச் சொன்னார் அண்ணாச்சி. தேங்காய் நார், இலவம் பஞ்சு, மேலே வெல்வெட். தராசில் வைத்து நிறுத்துக் கொடுத்தேன். முள் நேராக நின்றது. "பாத்தியா, வண்டி எடை கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்று என் முதுகில் தட்டினார்.

சைலன்சர் அவர் கடையிலிருந்தே வந்தது. ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளி. புகைக்குழாயின் முனையில் அதைப் பற்றவைத்து, மூடிக்கு ஒரு சங்கிலி கட்டி, சங்கிலியை டிரைவர் சீட்டு வரை இழுத்து வைத்திருந்தார். மூடி சாத்தியிருந்தால் வண்டி முனகும். திறந்தால் மயிலாப்பூரே எழுந்து உட்காரும். என் கடைக்கு மாடியில் பாட்டு வகுப்பு எடுத்த மாமி ஒருநாள் இறங்கி வந்துவிட்டார்.

"இதோ பாருங்கோ, உங்க கார் போறச்சே என் குழந்தைகளுக்கு சுருதியே சேரமாட்டேங்கறது. அது ஒரு சுருதில கத்திண்டு போறது, இதுகள் ஒரு சுருதில கத்திண்டு இருக்குகள்."

வேறு யாராக இருந்தாலும் சண்டை வந்திருக்கும். அண்ணாச்சி கைகூப்பி, "அம்மா, நீங்க எந்த சுருதின்னு சொல்லுங்க, நடுவுல வச்சிருவோம்" என்றார். மாமியை சுருதிப் பெட்டியோடு வாசலில் உட்கார வைத்து, மெக்கானிக்கைக் காருக்கு அடியில் படுக்க வைத்து, மூடியை அரத்தால் ராவி ராவி, கடைசியில் மாமி "ம்ம், இப்போ பரவாயில்லை" என்று சொல்லும்வரை விடவில்லை. அதன்பிறகு அந்தக் கார் போனால் மாடியில் பாட்டு நிற்காது. என்ஜினுக்கு அது நல்லதா என்று யாரும் கேட்கவில்லை.

கியரையும் மாற்றினார்கள். ரேஸில் நடக்கிற வேகம் எதற்கு? அதனால் முதல் கியர் போட்டாலே ஓட்டம்தான். மெதுவாகப் போனால் வண்டி இருமும், பிளக்கில் கரி பிடிக்கும், நின்றுவிடும். பின்னால் போகிற கியரில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ரேஸுக்கு அது தேவையில்லை, வீட்டிலும் அதைப் பற்றிப் புகார் இல்லை. பேரம் பேச ஆள் இல்லாததால் அது வந்தபடியே இருந்தது.

ஒருநாள் காலையில் மெத்தையைச் சரிபார்க்க தி.நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் கடைசியில். காரைத் திருப்ப இடம் கிடையாது. தினமும் பின்னாலேயே போய்த்தான் ரோட்டுக்கு வர வேண்டும். அந்த அம்மா டபரா டம்ளரில் காபியோடு காரில் ஏறினார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

"சீக்கிரம் குடிச்சிருங்க தம்பி. சந்து முடியிற வரைக்கும்தான் இது வண்டி. அப்புறம் உரல்."

கார் பின்னால் நகர்ந்தது. படகு மாதிரி போயிற்று. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. அந்த அம்மா நிதானமாக ஆற்றி, நிதானமாகக் குடித்து, சந்து முனை வருவதற்குள் டம்ளரைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எதையும் மெதுவாகக் குடிக்கிறவன். அண்ணாச்சி முன் கியர் போட்டார். என் மிச்சக் காபி முதலில் என் மூக்குக்கும், பிறகு பின்னால் வந்த சைக்கிள்காரருக்கும் போயிற்று.

சோழவரத்துக்கும் ஒரு தடவை கூட்டிப் போனார். மற்றவர்கள் ரேஸுக்கு முன்னால் காரிலிருந்து எதை எதையோ கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி வெல்வெட் மெத்தையைக் கழற்றவில்லை. வீட்டில் ஒத்துக்கொண்ட பேச்சு, அங்கே ஒன்று இங்கே ஒன்று கிடையாது என்றார். புளியோதரைத் தூக்கையும் அந்த மெத்தை மேலேயே வைத்து, தானே கட்டினார். ரேஸ் முடிந்தபோது அவருக்கு முன்னால் எத்தனை கார் வந்திருந்ததோ அத்தனை கார் பின்னால் வந்தது. சரியான நடு. முதலில் வந்தவர்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார். எல்லா டிரைவர்களுக்கும் புளியோதரை கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை அழைப்புக்கு அப்போதெல்லாம் திறந்த கார்தான். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, நாதஸ்வரத்துக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில் மாப்பிள்ளை ஊர்வலமாக வர வேண்டும். வாடகைக்குப் பெரிய கார்கள் கிடைக்கும். அண்ணாச்சி தன் காரில்தான் என்றார். அந்த அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"உங்க காருலயே வரட்டும். ஆனா நடுத்தெருவுல ஒரு தடவை நின்னாலும், மறுநாள் அது எடைக்குப் போவணும். நீங்களே தராசுல வைக்கணும். பிள்ளையார் மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்துவிட்டார். செய்த பிறகுதான் யோசித்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள் மத்தியானம் என் கடைக்கு வந்து, மாப்பிள்ளைக்காக நான் தைத்துக்கொண்டிருந்த உயரமான ஜரிகை சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. நிற்பதற்கும் நிற்காமல் இருப்பதற்கும் நடுவில் வைக்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"எம்புட்டு மைல் ஓடிருக்கு தம்பி இந்த வண்டி. நாளைக்கு அரை மைல் நடக்கணும். அம்புட்டுதான்."

"வாடகை வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"என் மவ கல்யாணத்துல என் வண்டி ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

நான் இன்னும் கொஞ்சம் ஜரிகை வைத்துத் தைத்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் சாயங்காலம் காரைப் பூவால் மூடியிருந்தார்கள். பின்பக்கம் என் உயர சீட்டில் மாப்பிள்ளை, பாங்கில் வேலை பார்க்கிற, கண்ணாடி போட்ட அமைதியான பையன். நட்டு பிடித்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம், அதனால் சீட்டைப் பிடித்தபடி காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாதஸ்வரம் எடுத்தார்கள். அண்ணாச்சி முதல் கியர் போட்டார்.

கார் பாய்ந்தது. தவில்காரர்கள் இரண்டு பக்கமும் குதித்தார்கள். பிரேக் போட்டதும் மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று அண்ணாச்சியின் மடியில் விழுந்தது. கிளட்சை மிதித்தபடி ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். வண்டி இருமியது. கறுப்பாக ஒரு புகை. மறுபடி இருமல். நின்றுவிடும் என்று பயந்து சங்கிலியை இழுத்துவிட்டார். தூக்குவாளி மூடி திறந்தது. நாதஸ்வரக்காரர் ஊதுவது தெரிந்தது, கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அடையாறில் இரும்புக் கடை. உரக்கப் பேசிப் பழகிய குரல். அது மட்டும் கேட்டது.

"என்ன சம்பந்தி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டீங்களா, பந்தயத்துக்கா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். அடுத்த இருமலில் வண்டி நின்றுவிடும் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து அந்த அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தார். தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அண்ணாச்சியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏங்க, காபி குடிக்கிற பக்கமா வாங்களேன்."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூட்டத்துக்கு நடுவில் கத்தியிருக்கிறேன், அது அப்போதுதான்.

"ரிவர்ஸ் அண்ணாச்சி! ரிவர்ஸ்!"

மெக்கானிக் கூட்டத்தில் இருந்தார். "தூக்குங்கடா பின்பக்கத்த! பம்பர் இல்ல, டிக்கி இல்ல, இன்னா வெயிட்டு கீது?" என்று அவர் முதலில் கை வைத்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் கை வைத்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, அண்ணாச்சி உள்ளேயே இருக்க, காரின் பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொல்லி, நான் நட்டைக் கழற்றி சீட்டையும் திருப்பி மாட்டினேன். தலைப்பாகையைச் சம்பந்தியே கட்டிவிட்டார். அண்ணாச்சி சங்கிலியை விட்டு மூடியைச் சாத்தினார், கழுத்தைத் திருப்பினார், பின் கியர் போட்டார்.

கார் நடந்தது. சொன்னால் நம்பவேண்டும், அப்படி ஒரு நடை. மாப்பிள்ளையின் கண்ணாடிகூட ஆடவில்லை. பின்னால் வந்த பெண்களுக்குக் காரின் முன்விளக்கே வெளிச்சம். ஒரே கஷ்டம், புகைக்குழாய் இப்போது நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து இருந்தது. அவர்கள் புகைக்கு முன்னால் போய்விடப் பார்த்து வேகமாக நடந்தார்கள், அதனால் ராகமும் வேகமாக நடந்தது. மண்டபத்தில் நல்ல நேரம் ஆரம்பிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் கொஞ்ச நேரம் மாப்பிள்ளையை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று, நிறுத்தக்கூடாது என்று சத்தியம் ஆயிற்றே.

கல்யாணம் முடிந்த மறுநாள், பாத்திரக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வழக்கு நடந்தது. சீட்டைக் கழற்றிக்கொண்டு போக வந்த நான் ஓரமாக நின்றேன்.

"நிக்கலைலா?" என்றார் அண்ணாச்சி.

"முன்னால போகவும் இல்லைல்லா?" என்றார் அந்த அம்மா.

"சத்தியத்துல முன்னாலன்னு சொல்லலியே."

"சொல்லணுமா? காருன்னா முன்னாலதான் போவும்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் தொட்டுக்கொண்டே நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, அந்த சீட்டைக் கழத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." பிறகு அவரிடம், "விக்கவும் வேண்டாம், பழைய மாதிரி ஓட்டவும் வேண்டாம். நடுவுல வைப்போம். நீங்க தனியா போனா எப்படியும் போங்க. நான் ஏறினா, காபி குடிக்கிற பக்கம்தான்."

அண்ணாச்சி அன்றைக்குச் சிரித்த மாதிரி சோழவரத்தில்கூடச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தக் கார் தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்குப் பின்னாலேயே வரும். என் ஜரிகை சீட்டில் அந்த அம்மா, போகிற திசையைப் பார்த்து, கையில் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார். சந்து முடிவதற்குள் குடித்தாக வேண்டும் என்ற அவசரம் இப்போது இல்லை. லஸ் முனையில் ஒரு போலீஸ்காரர் ஒருநாள் கையை நீட்டினார்.

"யோவ், இன்னாயா இது, பின்னால போய்க்கினே கீற?"

"நான்தான் ஐயா பின்னால போறேன். வீட்டுல முன்னாலதான் போய்ட்டு இருக்கா, பாருங்க. நடுவுல வச்சு விட்ருங்க."

போலீஸ்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் டம்ளரை உயர்த்தி, "காபி குடிக்கீங்களா?" என்றார். கை இறங்கிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து என் கடை வாசலில் காரை நிறுத்தினார் அண்ணாச்சி. ஹெல்மெட்டுக்குள் தலையணை மாதிரி ஏதாவது தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்படித் திரும்பியே ஓட்டுறீங்களே, கழுத்து வலிக்கலியா அண்ணாச்சி?"

"அதெல்லாம் இல்ல தம்பி. போவும்போது வலது பக்கம் திரும்பிப் பாத்து ஓட்டுதேன். வரும்போது இடது பக்கம்." ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தலையை நேராக வைத்துக் காட்டினார். "வீட்டுக்குப் போறதுக்குள்ள நடுவுல வந்துருது."